பந்திக்குக் கீழே ஒரு கேள்வி

சின்னம்மாவின் கொப்பியை நான் முழுதாகப் புரட்டிப் பார்த்தது மாரி மழை விடாமல் பெய்த ஒரு நாளில். 120 பக்க சீ.ஆர். கொப்பி. மூலை மடியாமல் இருக்கப் பழைய கலண்டர் தாளில் உறை போட்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே பாட எண், இடதுபக்கம் கேள்வி எண், பக்கத்தில் பதில். எழுத்து அவ்வளவு வடிவு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுசி, 58 வயதில் விளக்கடியில் இருந்து இதையெல்லாம் எழுதியிருக்கிறார் என்று நினைக்கவே எனக்குத் தொண்டை அடைத்தது.

நான் 22 வருடமாகப் பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறவள். கொப்பியைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனையைத் தேடும். அன்றைக்குத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. எல்லாப் பதிலும் புத்தகத்தில் இருந்தபடியே சரி. ஆனாலும் ஏதோ குறைகிறது என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். அப்போதுதான் பிடிபட்டது. கொப்பி முழுவதிலும் சின்னம்மா தானாகக் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை.

அதைப் பற்றித்தான் எழுத இருக்கிறேன். ஒரு கிறிஸ்தவச் சபை வீடு தேடி வந்து நடத்திய படிப்புக்கான கொப்பி அது. அந்தச் சபையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மதம் மாறுவதைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பது அவரவர் மனசு. 2009 யுத்தத்தில் பதுங்குகுழிக்குள் எங்களோடு கடைசிவரை கிடந்தவர்களில் பாதிரிமாரும் உண்டு. மடு மாதாவிடம் நேர்த்தி வைக்காத சைவக் குடும்பம் வன்னியில் குறைவு. என் பயமெல்லாம் ஒரு குறிப்பிட்ட விதமான படிப்பைப் பற்றியது. ஆளைக் கேள்வி கேட்கப் பழக்குவது போலத் தொடங்கி, கேள்வியே வராத ஆளாக்கி விடுகிற படிப்பு.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. விசுவமடுப் பக்கம் சொந்தக் காணி, பத்துப் பன்னிரண்டு தென்னை, இரண்டு மாடு. 2009-ல் எல்லோரையும் போல அவரும் தர்மபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று ஒவ்வோர் இடமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசியில் முள்ளிவாய்க்காலில் நின்றார். சித்தப்பா இரணைப்பாலையில் ஷெல் பட்டுப் போனார். மகனுக்கு 19 வயது. மே மாதத்தில் வட்டுவாகலைக் கடந்த சனத்துக்குள் தாயின் கையை விட்டுப் பிரிந்தவன். அதன் பிறகு அவனைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

அப்புறம் மெனிக் பாம். ஏறத்தாழ 3 லட்சம் சனத்தை வவுனியா முகாம்களில் அடைத்து வைத்திருந்த காலம். 2010-ல் ஊருக்கு விட்டார்கள். தகரக் கொட்டில், சில வருடம் கழித்து வீட்டுத்திட்ட வீடு. அந்த வீட்டு வாசலுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் படிவத்தோடு வந்தவர்கள். பதிவுக்கு வந்தார்கள், தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தார்கள், ஆணைக்குழு என்று வந்தார்கள், படம் எடுக்க வந்தார்கள். நுண்கடன்காரர் கிழமை தவறாமல் தவணை வாங்க வந்தார்கள். 2017 பெப்ரவரி 20-ம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது, சின்னம்மாவும் மகனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு முறைக்குப் போய் இருந்தார். அங்கேயும் மைக்கைக் கொண்டு வந்து நீட்டினார்கள். அவர் கதையைத் தொடங்குவார், வட்டுவாகலுக்கு வருமுன் மைக் அடுத்த தாயிடம் போய்விடும்.

2018-ல் இரண்டு சகோதரிமார் வந்தார்கள். அவர்கள் கையில் படிவம் இல்லை. பாயில் இருந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், சின்னம்மா கதையை முடிக்குமட்டும் எழும்பவில்லை. மகனுடைய பெயரைக் கேட்டார்கள். அடுத்த கிழமை வந்தபோது அந்தப் பெயரைச் சொல்லியே விசாரித்தார்கள். ஒன்பது வருடத்தில் அவன் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்த முதல் ஆட்கள் அவர்கள்தான் என்று சின்னம்மா எனக்குச் சொன்னார். சொந்த அக்காவின் மகளாகிய நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நான் மாதம் ஒருக்கால்கூட அந்த வீட்டுக்குப் போயிருக்கவில்லை.

போகும்போது ஒரு சின்னப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சபைக்கு வரச் சொல்லவில்லை, சபையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "சும்மா ஒரு படிப்புத்தான் அம்மா, காசு இல்லை, கிழமைக்கு ஒரு மணித்தியாலம்." அவ்வளவுதான்.

சித்திரை விடுமுறையில் நான் மூன்று நாலு வகுப்பில் கூட இருந்தேன். புத்தகம் நல்ல தாளில், வண்ணப் படத்தோடு. ஒவ்வொரு பாடமும் சின்னச் சின்னப் பந்தி. ஒவ்வொரு பந்திக்கும் கீழே அச்சடித்த ஒரு கேள்வி. மூத்த சகோதரி பந்தியை வாசிப்பார், கேள்வியைக் கேட்பார். சின்னம்மா பந்தியில் பதிலைத் தேடி, கோடு கீறி, வாசிப்பார். "அருமையாகச் சொன்னீர்கள் அம்மா" என்பார் இளையவர். சின்னம்மாவின் முகம் மலரும். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் கெட்டிக்காரி என்று பேர் வாங்காத பெண் அவர். அந்தப் பாராட்டு அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பது ஒரு ஆசிரியைக்குத் தெரியும்.

எனக்கு முதலில் பிழையாக ஒன்றும் படவில்லை. வினாவிடையில் பாடம் நடத்துவது எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. மிஷன் பள்ளிக்கூடங்கள் அப்படித்தான் வேதம் படிப்பித்தன. அதைக் கண்ட ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகளுக்கென்று சைவ வினாவிடையே எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பில் நானும் அதைப் பாடமாக்கியவள்தான். ஆனால் அதைப் படித்த காலத்தில் அப்பா வீட்டில் சாமி கும்பிடாத மனுசன், பக்கத்து வீடு வேதக்காரர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர் வேறொன்று சொன்னார். வினாவிடைக்கு வெளியே ஒரு உலகம் இருந்தது. ஒருவரும் அதன் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

நாலாம் பாடத்தில்தான் எனக்குத் திக்கென்றது. செத்துப் போனவர்களைத் திரும்பக் காண்போம் என்பது பாடம். பூந்தோட்டத்தில் ஒரு தாயும் மகனும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற படம். பந்தி முடிந்து கீழே கேள்வி இப்படி இருந்தது: இறந்துபோன உங்கள் அன்புக்குரியவரைத் திரும்பச் சந்திப்பீர்கள் என்ற நம்பிக்கை உங்களுக்கு எப்படி ஆறுதல் தருகிறது?

சின்னம்மா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "என்ர பிள்ளை செத்திட்டான் எண்டு ஆர் சொன்னது?"

அந்த விறாந்தையில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. மூத்த சகோதரி சின்னம்மாவின் கையைப் பிடித்தார். குரலில் கோபமோ அவசரமோ இல்லை. "நல்ல கேள்வி அம்மா. அது பதினோராம் பாடத்தில வருது. அப்ப வடிவாப் பாப்பம். இப்ப இந்தப் பந்தியில என்ன சொல்லியிருக்கு எண்டு பாருங்கோ."

சின்னம்மா தலையைக் குனிந்தார். பந்தியில் தேடினார். பதிலை வாசித்தார்.

ஒரு ஆசிரியையாக நான் இதைச் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியில் அவருக்குப் பதில் சொல்ல இடமே இல்லை. ஆறுதல் தருகிறதா என்று அது கேட்கவில்லை, எப்படித் தருகிறது என்று கேட்டது. அவன் இறந்துவிட்டானா என்று கேட்கவில்லை, இறந்ததாக வைத்துக்கொண்டு தொடங்கியது. இரண்டு முடிவுகள் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. பதில் சொல்ல வாயைத் திறக்கிறவர் அந்த இரண்டையும் விழுங்கிவிட்டுத்தான் மூன்றாவதைச் சொல்ல முடியும். வகுப்பில் பதினோராம் ஆண்டுப் பிள்ளை இப்படி ஒரு வினாவை எழுதிக் கொண்டு வந்தால் திருப்பிக் கொடுப்பேன்.

அதைவிடப் பெரிய வேலையைச் செய்தது அந்தப் பதினோராம் பாடம். ஒருவர் கேட்கிற கேள்வியை மறுத்தால் அவருக்கு உறைக்கும். பிறகு வரும் என்று ஒத்தி வைத்தால் உறைக்காது, நன்றியோடு காத்திருப்பார். காத்திருக்கிற ஏழு கிழமையில் ஏழு பாடம் போகும். பதினோராம் பாடம் வந்தபோது சின்னம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிறகு நான் புத்தகத்தைத் தேடி வாங்கி அந்தப் பாடத்தை வாசித்தேன். தூக்கத்தில் இருக்கிறவர்களை எழுப்புவதைப் பற்றி இருந்தது. காணாமல் போனவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. சின்னம்மாவின் கொப்பியில் அந்தப் பாடத்துக்குக் கீழே அழகான எழுத்தில் இருந்தது: என் மகன் உறங்குகிறான்.

அவர் அதைத் தன் கையால் எழுதியிருந்தார். இந்த எழுத வைப்பதை நான் லேசாக எடுக்க மாட்டேன். காதால் கேட்டது அடுத்தவருடைய சொல்லாகவே இருக்கும். கையால் எழுதி, வாயால் வாசித்து, நாலு பேர் தலையாட்டிய பிறகு அது நம்முடைய சொல்லாகிவிடும். கொரிய யுத்தத்தில் பிடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்களிடம் சீனர்கள் செய்ததும் இதுதான். அடித்து நம்ப வைப்பதைவிட, சின்னச் சின்ன விசயங்களை அவர்களே எழுதி வாசிக்கும்படி செய்தார்கள்.

அந்த யுத்தம் முடிந்த கையோடு ரொபேர்ட் லிஃப்டன் என்ற மனநல வைத்தியர் ஹொங்கொங்கில் இருந்தார். சீனாவில் சிந்தனைச் சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்ததை அனுபவித்து வெளியே வந்த 40 பேரோடு, 25 மேற்கத்தியர், 15 சீனர், மாதக்கணக்கில் கதைத்தார். அவர் எழுதியது 1961-ல் வெளிவந்தது. அதில் என்னைப் பிடித்து உலுக்கிய விசயம் ஒன்று உண்டு. சிறைக்கு வெளியே, புரட்சிக் கல்லூரிகளில், இந்த வேலை நடந்தது பெரும்பாலும் சின்னக் குழுக்களில். ஒன்றாக இருந்து வாசிப்பது, கலந்து பேசுவது, தன்னைத் தானே குறை சொல்வது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வெறுமனே 'படிப்பு'. லிஃப்டன் இன்னொன்றையும் கவனித்தார். அப்படிப்பட்ட இடங்களில் யோசனையை அந்த இடத்திலேயே வெட்டி நிறுத்துகிற சில சின்னச் சொற்கள் புழங்கும். சிக்கலான எதையும் அந்தச் சொல்லைப் போட்டு மூடிவிடலாம்.

சின்னம்மாவின் வாயில் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. சொந்தக்காரர் 'உலகத்தார்' ஆனார்கள். மனதில் எழும் சந்தேகம் 'சத்துருவின் சத்தம்' ஆனது. கந்தசுவாமி கோயிலடிப் போராட்டம் 'உலகக் காரியம்' ஆனது. ஒன்றரை வருடமாக முறை தவறாமல் போனவர், ஒரு நாள் நிறுத்தினார். மகனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பூ வைத்து விளக்கு ஏற்றுவது விக்கிரக ஆராதனை ஆகிவிடுமாம். நான் ஏனென்று கேட்டதற்கு, யோசிக்காமல், ஒரு நொடியும் எடுக்காமல், புத்தகத்தில் இருந்தபடி பதில் சொன்னார். சின்னம்மா அப்படிக் கதைக்கிற ஆள் இல்லை. ஒரு சொல்லுக்கு நாலு தரம் இழுத்து, பாக்கை வெட்டிக்கொண்டு யோசித்துக் கதைக்கிறவர்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் வந்த மச்சாள் அந்த வைகாசியில் பிரசாதம் கொண்டு வந்து கொடுத்தார். சின்னம்மா வாங்கவில்லை. அம்மம்மாவின் திவசத்துக்கு வரவில்லை. வன்னியில் சொந்தம் என்பது விசேசத்துக்குக் கூடுகிற ஆட்கள் மட்டுமில்லை. நடுச்சாமத்தில் பாம்பு கடித்தால் மோட்டார் சைக்கிளை எடுக்கிறவன் மச்சான். தவணை கட்டக் காசில்லாவிட்டால் தோட்டைக் கழற்றித் தருகிறவள் மச்சாள். அந்தக் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்த பிறகு, ஒரு ஆள் விழுந்தால் பிடிக்கச் சபை மட்டும்தான் இருக்கும். அதன் பிறகு அங்கிருந்து வெளியே வருவதை நினைக்கவே ஆளுக்குப் பயம் வந்துவிடும்.

இந்த இடத்தில் நான் இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சின்னம்மா அந்த நாட்களில் நித்திரை கொண்டார். ஒன்பது வருடம் இரவில் ஒழுங்கையில் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பார்க்கிறவர், விடியும்வரை படுத்தார். முகம் தெளிந்தது. நீ ஏன் அந்த நிம்மதியைக் கெடுக்கிறாய் என்று என் அம்மாவே என்னைக் கேட்டார். எனக்கு அதற்குச் சரியான பதில் கிடைக்கப் பல இரவு ஆனது. பிள்ளை இறந்துவிட்டான் என்ற முடிவுக்கு ஒரு தாய் தானாக அழுது, தானாக நடந்து போய்ச் சேர்ந்தால் அந்த முடிவு அவருடையது. நான் காலில் விழுந்து கும்பிடுவேன். இது அப்படி இல்லை. அச்சடித்த ஒரு கேள்வியின் வாலில் கட்டி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. அவர் ஏற்றுக்கொண்டதுகூட அவருக்குத் தெரியாது.

ஆறு மாதத்தில் வீட்டுப் படிப்பு புதன்கிழமைக் குழுப் படிப்பானது. ஏழெட்டுப் பெண்கள். பிறகு ஞாயிறு. முதல் நாளே பாடத்தைக் கோடு கீறிக்கொண்டு போக வேண்டும். பதிலை எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். ஒரு புதன்கிழமை நானும் போனேன். ஒருவரும் வேறு பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று ஒருவரும் அதட்டவுமில்லை. முதல் பெண் பந்தியில் இருந்ததைச் சொன்னார், இரண்டாவது பெண் அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னார், ஐந்தாவது ஆளிடம் வரும்போது வேறொன்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-ல் அமெரிக்காவில் இதை ஒரு மேசையில் வைத்துப் பரீட்சித்துப் பார்த்தார். மூன்று கோட்டில் எது இந்தக் கோட்டின் நீளம் என்ற சின்னப் பிள்ளைக் கேள்வி. கூட இருந்தவர்கள் எல்லோரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு பிழையான கோட்டைச் சொன்னார்கள். விசயம் தெரியாத ஒரே ஒரு ஆள், கண்ணுக்கு முன்னால் சரியான கோடு இருக்க, ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை அவர்களோடு சேர்ந்து பிழையைச் சொன்னார். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையான கோட்டைச் சொல்லிவிட்டால் போதும், அந்த ஆள் அநேகமாகப் பிழையாகச் சொல்வதில்லை. ஒரே ஒரு துணை.

அடுத்த கிழமை இளைய சகோதரி என்னை வாசலில் கண்டு தன்மையாகச் சொன்னார், "ரீச்சர், நீங்கள் வந்தால் அம்மாவின்ர கவனம் சிதறுது. அவ தனிய வந்தா நல்லம்." நான் அந்தப் புதன்கிழமை வாயே திறக்கவில்லை. சும்மா இருந்ததுதான். அதுவே அவர்களுக்குக் கூடிப்போனது.

அந்தப் பிள்ளையை நான் வெறுக்கவில்லை. அவரும் மன்னார்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை வந்தவர், அவருடைய தமையனும் 2009-ல் போனவன். இதே புத்தகத்தின் நாலாம் பாடத்தை அவரும் படித்திருக்கிறார். அவருக்கும் யாரோ கையைப் பிடித்து, அது பதினோராம் பாடத்தில் வரும் என்று சொல்லியிருப்பார்கள். வஞ்சகம் செய்கிற ஆளின் கண் அது இல்லை. சின்னம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று முழு மனதோடு நம்புகிறார். இந்தப் படிப்பு படித்தவரையே படிப்பிக்கிறவராக அனுப்புகிறது.

சின்னம்மா மூத்த சகோதரியிடம் மட்டும் சொன்ன ஒரு வீட்டு விசயம் மூன்று கிழமை கழித்து ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாத உதாரணமாக வந்தது. அவர் அதைப் பற்றி நெடுநாள் எனக்குச் சொல்லவில்லை. சொன்னபோதும் தேவன் தன்னைத் திருத்துகிறார் என்றுதான் சொன்னார். வேறு புத்தகம் வாசிக்கக் கூடாது, விட்டுப் போனவர்களோடு கதைக்கக் கூடாது என்பதெல்லாம் இதற்குப் பிறகு வந்தவை. முதல் நாளில் சொல்லியிருந்தால் தும்புத்தடியோடு துரத்தியிருப்பார்.

ஒரு மதத்தின் தலையில் இதைப் போடாதீர்கள். வவுனியாவில் என் ஒன்றுவிட்ட தங்கை ஒரு தியானக் குழுவுக்குள் போனாள். சாமியார், காணொளிப் பாடம், படிக்குப் படி கட்டணம். குரு சொன்னது விளங்காவிட்டால் உன் கர்மா தடுக்கிறது என்பார்கள். சின்னம்மாவுக்குச் சத்துரு, அவளுக்குக் கர்மா. தென் கொரியாவில் லீ மான்-ஹீ என்பவர் 1984-ல் தொடங்கிய ஷின்சோன்ஜி என்ற சபை, தன் பெயரைச் சொல்லாமல் வேதப் படிப்பு நிலையங்கள் நடத்தி, மாதக்கணக்கில் பாடம் எடுத்து, பரீட்சை வைத்து ஆட்களைச் சேர்ப்பதாகப் பெயர் பெற்றது. 2020 பெப்ரவரியில் தேகு நகரில் கொரோனா அந்தச் சபைக்குள் பரவியபோது, தான் அங்கே போவதை வீட்டுக்கே சொல்லாமல் இருந்தவர்கள் பலர் என்பது வெளியே வந்தது.

எங்கள் ஊரில் இதற்கு இரண்டு விதமான மருந்து சொல்கிறார்கள். ஒன்று சட்டம். 2004-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. அரசியலமைப்பின் 10-ம் உறுப்புரை தருகிற சிந்தனைச் சுதந்திரமும் மனச்சாட்சிச் சுதந்திரமும்தான் சின்னம்மாவுக்கும் எனக்கும் மிச்சமிருக்கிற பாதுகாப்பு. அதைப் பொலிசின் கையில் கொடுத்துவிட்டு வர நான் தயாரில்லை.

மற்றது தடி. என் மாமா ஒருவர் கோபத்தில் சின்னம்மாவின் புத்தகத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். சகோதரிமாரை ஒழுங்கையில் மறித்து ஏசினார். அன்றிரவு சின்னம்மா அழுதார், ஆனால் அந்த அழுகையில் ஒரு வெற்றி இருந்தது. ஆறாம் பாடத்தில் இதுவும் இருந்திருக்கிறது: உங்கள் வீட்டாரே உங்களை எதிர்ப்பார்கள், அப்போது இது சத்தியம் என்று அறிந்துகொள்வீர்கள். மாமா தன் கையாலேயே அந்தப் பாடத்தை நிரூபித்துக் கொடுத்தார். புதுப் புத்தகம் இரண்டு நாளில் வந்து சேர்ந்தது.

நானும் முதலில் பிழைதான் விட்டேன். வசனத்துக்கு வசனம் எதிர்வாதம் பேசினேன். அவருடைய பதிலுக்கு என் பதிலை மாற்றி வைக்கப் பார்த்தேன். அதுவும் ஒரு வினாவிடைதான், புத்தகம் மட்டும் வேறு. நன்னூல் மாணவனுக்குச் சொல்கிற கடமைகளில் கேட்பதும் நினைப்பதும் மட்டுமில்லை, வினாவுவதும் உண்டு. நான் அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, அடுத்த பாடவேளையில் கடந்தகால வினாத்தாளை எடுத்து, புள்ளித்திட்டத்தில் இருக்கிற பதிலை மனனம் பண்ணச் சொல்கிறவள். வன்னியில் வெகுகாலம் ஒரே குரலைக் கேட்டு, அதற்கு ஓம் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். சரியான பதிலைத் தேடிக் கோடு கீறுவது எங்கள் கைக்கு அவ்வளவு பழக்கம். அந்தச் சகோதரிமார் வர முன்பே நிலம் உழுது கிடந்தது.

அதனால் நான் வாதத்தை விட்டேன். திங்கட்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு நேரே சின்னம்மா வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். சபையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கீரை ஆய்ந்து கொடுப்பேன். மாட்டைப் பற்றிக் கதைப்போம். தம்பி சின்னனில் குளத்தில் மீன் பிடித்து வந்து பெனியனுக்குள் மறைத்த கதை அவருக்குப் பிடிக்கும். அந்தக் கதையில் அவன் உறங்குகிறவன் இல்லை, ஈரக் காலோடு ஓடுகிறவன். கேட்பதென்றால் எனக்கு உண்மையில் தெரியாததை மட்டும் கேட்டேன். அவனுக்குப் புளிக்கஞ்சி பிடிக்குமா, கையில் இருந்த தழும்பு எதனால் வந்தது. பதில் அவரிடம் மட்டும்தான் இருந்தது, எந்தப் பந்தியிலும் இல்லை. சின்னம்மா பாக்கை வெட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து யோசித்துச் சொல்வார். அந்தப் பழைய கதைப்பைக் கேட்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

கொரோனாக் காலத்தில் படிப்பு தொலைபேசிக்குள் போனது. ஊரடங்கு, சிக்னல் இல்லாத வீடு. பல கிழமை அவர் தப்பினார். அதுவும் உதவியிருக்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டது உண்மை போலத் தோன்றும் என்பதை 1977-ல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துக் காட்டினார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று தரம் கேட்ட வாக்கியங்களை, அவை பொய்யானாலும், மாணவர்கள் கூடுதலாக நம்பினார்கள். கிழமை தவறாமல் வருடக்கணக்கில் கேட்ட ஒரு காதுக்குச் சில மாதம் ஓய்வு கிடைத்தது. நான் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சின்னம்மா சபையை விட்டுவிடவில்லை. இப்போதும் சில ஞாயிறுகளில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போகிறார். அங்கே பாட்டு நல்லாயிருக்கும் என்கிறார், எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. படம் பெட்டியிலிருந்து வெளியே வந்து அலுமாரிக்கு மேல் நிற்கிறது, விளக்கு இல்லாமல். மச்சாளோடு கதைக்கிறார்.

போன வருடம் ஒரு நாள் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கண் காட்ட அவரைக் கூட்டிப்போனேன். பரந்தன் சந்தியில் பஸ் நெடுநேரம் நின்றது. யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று திரும்பினார்.

"பிள்ளை, நான் அண்டைக்கு ஒண்டு கேட்டனான் எல்லே. அந்தப் பெரிய சகோதரியிட்ட. நீயும் பக்கத்தில இருந்தனி."

"ஓம் சின்னம்மா."

"பதினோராம் பாடத்தில வரும் எண்டவா. எல்லாப் பாடமும் முடிஞ்சுது. அது வரேல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வெளிக்கிட்டது. கரடிப்போக்கு தாண்டும்வரை அவரும் பேசவில்லை. பிறகு, கந்தசுவாமி கோயிலடியில் இன்னும் கொட்டில் இருக்கிறதா, ஆட்கள் வருகினமா என்று கேட்டார்.